சார் போன பிறகு அவர் அலமாரியை என்ன செய்வது?

கேள்வி:

நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். கல்லூரியில் எனக்கு வரலாறு சொல்லித்தந்த பேராசிரியர் இரண்டு மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டு பார்ப்பதையும், வயதானவர்களை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்வதையும் விடாதவர். வீடு முழுக்கப் புத்தகம், நோட்டுகள், மைப்படிச் சுருள்கள் (கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுத்தவை), செருப்புப் பெட்டிகளில் குறிப்பட்டைகள், ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கேசட்டுகள். எழுதிப் பாதியில் நிற்கும் ஊர் வரலாறு ஒன்றும் இருக்கிறது. பொங்கல் கழிந்ததும் அம்மாவை (சாரின் மனைவி) மகன் பெங்களூருக்கு அழைத்துப் போகிறார். வீட்டை வாடகைக்கு விடப்போகிறார்கள். பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சிலை என்கிறார், ஒருவர் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்கிறார், நினைவு மலர் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. புத்தகங்களைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது பெரும்பாலோர் முடிவு. மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் நகரவில்லை, அழுகைதான் வருகிறது. எல்லோரும் 'கோபமே வராதவர்' என்று எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த சார் அப்படி இல்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க என் கட்டுரையை மேசையில் தட்டி, 'இது எங்கிருந்து எடுத்தது, எந்தப் பக்கம்' என்று கேட்டு அழவைத்தவர். அதை எழுதினால் துரோகமா? அவர் முடிக்காத புத்தகத்தை நாங்களே முடித்து வெளியிடலாமா?

பதில் (ஆவணக் காப்பாளர்):

உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது 'பொங்கல் கழிந்ததும்' என்பதுதான். சிலை, சொற்பொழிவு, மலர் எல்லாம் அடுத்த வருடம்கூட நடக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. அந்த டிரங்குப் பெட்டியும் செருப்புப் பெட்டிகளும் அடுத்த வருடம் இருக்காது. வீடு காலி செய்கிற வாரத்தில் என்ன நடக்கும் என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அட்டை போட்ட புத்தகம் நூலகத்துக்குப் போகும், நோட்டும் துண்டுத்தாளும் எடைக்குப் போகும். ஆனால் புத்தகத்துக்கு வேறு பிரதி எங்காவது கிடைத்துவிடும், எடைக்குப் போன நோட்டுக்குக் கிடைக்காது. அதனால் குழுவில் முதலில் ஒரே ஒரு செய்தி போடுங்கள்: பொங்கல் வரை சிலையைப் பற்றிப் பேச வேண்டாம், நேரம் தரக்கூடியவர்கள் யார் யார் என்று மட்டும் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் அம்மாவைப் பாருங்கள். கூட்டமாகப் போகாதீர்கள், நீங்களும் அவருக்கு நன்றாகத் தெரிந்த இன்னொருவரும் போதும். போனதும் அலமாரியைத் திறக்க வேண்டாம். 'எதை நீங்க உங்க கூடவே வச்சுக்கணும்னு நினைக்கிறீங்கம்மா?' என்று கேளுங்கள். சாரின் மூக்குக் கண்ணாடியும் பேனாவும் கைத்தடியும் நமக்குக் காட்சிப்பொருளாகத் தோன்றும், அம்மாவுக்கு அவை கணவர். டயரி, குடும்பக் கடிதங்கள் பற்றி அவரும் மகனும்தான் முடிவு செய்ய வேண்டும். கொடுக்க விரும்பினாலும், 'இத்தனை வருடம் வரை யாருக்கும் காட்டக் கூடாது' என்று நிபந்தனை போட்டுக் கொடுக்கலாம் என்பதைச் சொல்லிவையுங்கள். பல குடும்பங்களுக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது, பயத்தில் எரித்துவிடுகிறார்கள். அப்புறம், சார் எங்கே உட்கார்ந்து எழுதுவார், எந்த ஊருக்கு யாரோடு போவார், எந்தப் பெட்டியில் என்ன என்று அவர் சொல்லச் சொல்ல, சம்மதம் கேட்டு, போனில் பதிவு செய்யுங்கள். சாரின் அலமாரிக்கு இப்போது உயிரோடு இருக்கிற ஒரே அட்டவணை அம்மாதான்.

அலமாரியைத் தொடுகிற நாளில், தொடுவதற்கு முன்னால் படம் எடுங்கள். முதலில் அறை, பிறகு ஒவ்வொரு அலமாரியும், பிறகு ஒவ்வொரு தட்டும், புத்தக முதுகில் உள்ள பெயர் படிக்கிற அளவுக்கு. ஜன்னல் வெளிச்சமே போதும், பிளாஷ் வேண்டாம். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எழுத்து மங்கிப்போகும், டாக்குமெண்டாக அனுப்புங்கள் அல்லது டிரைவில் ஏற்றுங்கள். எதற்கு இவ்வளவு என்றால், ஓர் ஆராய்ச்சியாளர் எதன் பக்கத்தில் எதை வைத்தார் என்பதே ஒரு தகவல். ஜமீன் ரெக்கார்டு குறிப்பும் ஒரு கோயில் மைப்படியும் ஒரே கட்டில் இருந்தால் இரண்டையும் அவர் சேர்த்து யோசித்திருக்கிறார் என்று அர்த்தம். பொருள் வாரியாகப் பிரித்து அழகாக அடுக்கிவிட்டால் அந்த யோசனை அழிந்துபோகும். புத்தகங்களுக்குள் பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ் என்று செருகிவைத்திருப்பார். எதையும் உருவி எடுக்காதீர்கள், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று பென்சிலால் ஒரு துண்டுத்தாளில் எழுதி அங்கேயே வையுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இந்த மாதிரி நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் நாடக விளம்பரங்களையும்கூட விடாமல் சேர்த்தவர். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி அதைச் சென்னையிலேயே வைத்ததால்தான் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. குப்பை என்று அன்று யாராவது ஒரு மூட்டையைத் தள்ளியிருந்தால் இன்று தரமணிக்குப் போய்ப் பார்ப்பதற்கு அது இருந்திருக்காது.

செருப்புப் பெட்டி அட்டைகளைக் கலைத்துவிடாதீர்கள், இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கணினி கைக்கு வராத காலத்தில் வரலாற்று ஆராய்ச்சி பெரும்பாலும் அட்டையில்தான் ஓடியது. நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையெல்லாம் தொகுத்து 1978இல் கொண்டுவந்த அட்டவணையை நீங்கள் எம்.ஏ.யில் கேள்விப்பட்டிருப்பீர்கள். சோழர் காலத்து அதிகாரிகள் யார், நிலம் யார் கையில் இருந்தது என்பதையெல்லாம் ஒன்றிரண்டு கல்வெட்டை மேற்கோள் காட்டிச் சொல்வதற்குப் பதில் எண்ணிப் பார்த்துச் சொல்ல முடிந்தது ஒவ்வொரு பெயராகத் தொகுத்த அந்த உழைப்பால்தான். ஓர் அட்டையில் ஒரு பெயரும் ஓர் எண்ணும்தான் இருக்கும், தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது, வரிசையில்தான் அதற்குப் பொருள். பெட்டிக்கு எண் போட்டு, அட்டைகளை முன்பின் மாறாமல் வரிசையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மைப்படிச் சுருள்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பதை சாரோடு போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாளில் மை மட்டுமல்ல, கல்லின் பள்ளமும் பதிந்திருக்கிறது. மடித்தாலோ, கனத்தை வைத்து அழுத்தி நேராக்கினாலோ, இஸ்திரி போட்டாலோ (போட்டவர்கள் இருக்கிறார்கள்) பள்ளம் போய்விடும், சந்தேகமான எழுத்தைச் சாய்வு வெளிச்சத்தில் பார்த்துப் படிக்கிற வாய்ப்பும் அதோடு போய்விடும். சுருளாகவே, ஒரு பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். ஓரத்தில் ஊர், கோயில், எந்தச் சுவர், தேதி என்று சார் எழுதியிருப்பார். அதையும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளையும் ஒப்பிட்டு, ஏற்கெனவே படியெடுக்கப்பட்டவை எவை, சார் மட்டுமே எடுத்தவை எவை என்று பிரித்துப் பட்டியல் போடுங்கள். மத்திய அரசின் கல்வெட்டுத் துறை 1887 முதல் அந்த அறிக்கைகளை வெளியிட்டுவருகிறது. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்து எழுத்து மழுங்கிப்போன கோயில்கள் நம் ஊரில் உண்டு. அப்படி ஒரு சுவரின் படி சாரிடம் இருந்தால், அந்தக் கல்வெட்டே இனி அந்தத் தாள்தான்.

கேசட்டுகள் எல்லாவற்றையும்விட அவசரம். கேசட்டின் முதுகுப் பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் மடல் இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. அவை உடையாமல் இருந்தால் யாராவது தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கும்போது பேச்சு அழிந்துவிடும். எனவே ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டையும் உடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. அப்புறம் டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், தனிப் பையில் போட்டு, அந்த வேலை தெரிந்தவர்களிடம் கொடுக்க வேண்டும். நன்றாக இருப்பவற்றைப் பழைய கேசட் டெக் ஒன்றைச் சுத்தம் செய்து கணினியோடு இணைத்து மாற்றலாம். குறுக்குவழி கிடையாது, அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒலித் தரம் குறையாத வேவ் கோப்பாகச் சேமியுங்கள், எம்பி3 கேட்பதற்கு மட்டும். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வேறு ஊரில் இருக்கிற இன்னொரு மாணவரிடம். உறையில் சார் எழுதிய பெயரையும் தேதியையும் படம் எடுத்து, கோப்புக்கும் அதே பெயர் வையுங்கள். இன்னொன்று: அதில் பேசியவர்கள் சாரை நம்பிப் பேசியவர்கள், யூடியூபுக்காகப் பேசவில்லை. சாதிக் கலவரம், நிலத்தகராறு, அடுத்த வீட்டுக் கதை எல்லாம் பெயரோடு இருக்கும். பேசியவர்களோ பிள்ளைகளோ சம்மதிக்காமல் எதையும் பொதுவில் ஏற்றாதீர்கள். பாதுகாப்பதும் வெளியிடுவதும் வேறு வேறு வேலை.

தாள்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடிகிற நேரம், சுவர் ஓரத்துக் கட்டுகளில் ஈரம் இருக்கும். வெயிலில் காயப்போடாதீர்கள், நிழலில் மின்விசிறி போதும். துருப்பிடித்த குண்டூசியையும் ரப்பர் பேண்டையும் மெதுவாக எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். யாராவது பாசத்தில் கையெழுத்துப் பக்கங்களை லேமினேஷன் செய்யலாம் என்பார்கள், தயவுசெய்து விடாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. இராமபாணப் பூச்சி அரித்த கட்டுகளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். எதுவும் தரையில் வேண்டாம், கரையான் பெங்களூர் வண்டிக்காகக் காத்திருக்காது.

எங்கே கொடுப்பது? கல்லூரி நூலகம் என்று குழு முடிவு செய்ததை நான் அப்படியே ஏற்க மாட்டேன். அச்சிட்ட புத்தகங்களைக் கொடுக்கலாம், மாணவர்கள் எடுத்துப் படிக்க வேண்டியவைதான். ஆனால் கொடுப்பதற்கு முன்பே நூலகரிடம் கேளுங்கள்: சார் பெயரில் தனி அலமாரியாக வைப்பீர்களா, இல்லை முத்திரை குத்திப் பொருள் வாரியாகப் பிரித்துவிடுவீர்களா? ஓரக்குறிப்பு எழுதிய புத்தகங்களைக் கழிவு என்று ஒதுக்குவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள், அடுத்த நூலகர் வந்தால் வாய்வார்த்தை நிற்காது. அச்சில் இல்லாதவை, அதாவது நோட்டு, அட்டை, மைப்படி, கேசட், இவை ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த இடத்துக்குப் போக வேண்டும். பட்டியலோடு ரோஜா முத்தையா நூலகத்துக்கும், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும், உங்கள் பக்கத்துப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கும் எழுதிக் கேளுங்கள். பட்டியல் இல்லாமல் 'நிறைய இருக்கு, வந்து பாருங்க' என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். உங்கள் சார் வழிகாட்டிய எம்.ஃபில். ஆய்வேடுகளும் வீட்டில் இருக்கும், ரெக்ஸின் அட்டை போட்டுத் தட்டச்சு செய்தவை. ஒரு கண்மாய், ஒரு சந்தை, ஒரு ஊரின் விடுதலைப் போராட்டம் என்று எவ்வளவோ விஷயம் அவற்றில் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. எம்.ஃபில். படிப்பே இப்போது நின்றுவிட்டது, அந்த ஆய்வேடுகளை யாரும் தேடிப்போய்ச் சேர்க்கப்போவதில்லை. அவற்றை விட்டுவிடாதீர்கள்.

பாதியில் நிற்கும் புத்தகத்துக்கு வருவோம். சட்டப்படி எழுத்தின் உரிமை வாரிசுகளுக்குத்தான். தாள் உங்கள் கையில் இருப்பதால் வெளியிடும் உரிமை வந்துவிடாது, அம்மாவிடமும் மகனிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வெளியிடலாம், ஆனால் முடிக்க வேண்டாம் என்பேன். பிரான்சின் வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் நாஜி எதிர்ப்புப் படையில் சேர்ந்து 1944 ஜூன் 16 அன்று லியோன் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். வரலாற்றாசிரியனின் வேலை என்ன என்று அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகம் பாதியில் நின்றது. அவரோடு சேர்ந்து 1929இல் அன்னால் என்ற வரலாற்று இதழைத் தொடங்கிய லூசியன் ஃபெவ்ர் அதை 1949இல் வெளியிட்டார். நண்பர், பெரிய அறிஞர், அன்போடுதான் செய்தார். ஆனாலும் கையெழுத்துப் படிக்கும் அந்தப் பதிப்புக்கும் வேறுபாடுகள் இருந்தன, பிளாக்கின் மகன் எட்டியென் மூலப்படிகளை வைத்து 1993இல் மறுபதிப்பு கொண்டுவந்த பிறகுதான் எது எது என்று தெளிவானது. படிகள் பத்திரமாக இருந்ததால் அது முடிந்தது. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சார் எழுதியதை அவர் நிறுத்திய வாக்கியம் வரை அப்படியே போடுங்கள், விடுபட்ட இடத்தில் விடுபட்டது என்று காட்டுங்கள், நீங்கள் சேர்க்கும் விளக்கம் அடிக்குறிப்பில் உங்கள் பெயரில் வரட்டும். அவர் நடையில் நீங்கள் நாலு அத்தியாயம் எழுதிச் சேர்த்தால், நாளைக்கு ஒரு மாணவர் உங்கள் வரியை அவர் வரி என்று மேற்கோள் காட்டுவார். சார் இருந்தால் என்ன கேட்பார் என்று உங்களுக்கே தெரியும்.

இனி மலர். 'அன்பானவர், எளிமையானவர், கோபமே வராதவர்' என்று எழுதப்பட்ட நினைவு மலர்களை நிறைய வாசித்திருக்கிறேன். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். மனிதரை மறப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை என்றே நினைக்கிறேன். இன்னும் கவலை, குழுவில் ஒருவர் ஒரு சம்பவத்தை அழகாக எழுதிவிட்டால், ஒரு மாதத்தில் மற்றவர்களும் அதைத் தாங்களே பார்த்த மாதிரி சொல்லத் தொடங்குவார்கள். பொய் இல்லை, நினைவு அப்படித்தான் கலந்துபோகும். அதனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதற்கு முன் எல்லோரிடமும் தனித்தனியாக வாங்கிவிடுங்கள். கேள்வியைக் குறுக்கிக் கொடுங்கள்: எந்த வருடம், எந்த அறை, கரும்பலகையில் என்ன எழுதுவார், கையில் என்ன வைத்திருப்பார், எந்தப் பாடத்தில் குரல் மாறும், உங்களை எதற்குத் திட்டினார், எந்தப் புத்தகத்தை இரவல் தந்தார், திருப்பிக் கேட்டாரா. மாணவர்களோடு நிறுத்தாதீர்கள். துறை அட்டெண்டர், ஜெராக்ஸ் கடைக்காரர், அவர் போன ஊர்களின் கோயில் பூசாரி, கேசட்டில் பேசியவர்களின் பிள்ளைகள், இவர்களுக்குத் தெரிந்த சார் உங்களுக்குத் தெரியாத சார். எழுதத் தெரியாதவர்கள் பேசட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். யார் சொன்னது, எந்தத் தேதி என்று கீழே போடுங்கள்.

கட்டுரையை மேசையில் தட்டிய சம்பவத்தை எழுதுங்கள், அதில் துரோகம் எதுவும் இல்லை. உ.வே.சா. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மீது வைத்திருந்த பக்தியை நான் சொல்லத் தேவையில்லை. 1876இல் மறைந்த அவருடைய வரலாற்றை 1933லும் 1934லும் இரண்டு பாகமாக வெளியிட்டார், அவ்வளவு காலம் மனதில் சுமந்திருக்கிறார். அதே உ.வே.சா.தான், ஆசிரியருக்குச் சங்கீதம் பிடிக்காது என்பதையும், கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டதை அதனால் தாம் விட நேர்ந்ததையும், தாம் இயற்றிய நந்தன் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டும் முகப்புச் செய்யுள்) கேட்டு வந்த அந்தப் பாரதியாரை, இலக்கணப் பிழை இருக்கிறது என்று ஆசிரியர் அலையவைத்ததையும், கடைசியில் அந்தப் பாட்டைக் கேட்டே உருகியதையும் எழுதினார். படித்த யாருக்கும் மகாவித்துவான் மேல் மரியாதை குறைந்ததில்லை, அவர் ஒரு மனிதராகக் கண்முன் வருகிறார்.

உங்கள் சம்பவத்தையும் அப்படியே எழுதுங்கள். என்ன கட்டுரை, எங்கிருந்து எடுத்திருந்தீர்கள், அவர் சொன்ன வார்த்தை, அன்று நீங்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தீர்கள், அடுத்த வகுப்பில் அவர் எப்படி இருந்தார். 'எல்லாம் என் நன்மைக்குத்தான்' என்று கடைசி வரியில் முடித்துவைக்க வேண்டாம். உங்களுக்கு இன்னும் வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றே இருக்கட்டும். உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள், அடுத்தவர் சொல்லிக் கேட்டதை வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் அம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அனுமதிக்காக இல்லை, மலரைப் பிரித்துப் படிக்கும்போது அவர் திடுக்கிடக் கூடாது என்பதற்காக. நாலு வரிக்கு மேல் வராததற்குக் காரணம், அழுகையைவிட, குழு எழுதும் சாரை நீங்களும் எழுத முயல்வதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அழுகை வந்தால் அழுதுவிட்டு எழுதுங்கள், இரண்டு மாதம் என்பது ஒன்றுமே இல்லை. தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பள்ளிக்குப் போவதே பாரமாக இருந்தால் மட்டும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

பணம் சேர்ந்தால் என்ன செய்வது என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் வைப்புத்தொகை வட்டியில் வருடத்துக்கு ஒரு மதியம், ஒரு பொன்னாடை, ஒரு டீ. சில வருடத்தில் வட்டி டீக்கே போதாது, துறைத் தலைவர் மாறினால் அதுவும் நிற்கும். அந்தப் பணத்தில் முதலில் கேசட்டுகளையும் அட்டைகளையும் மின்வடிவாக்குங்கள். மீதியில் உங்கள் மாவட்டத்து முதுகலை மாணவர் ஒருவர் வருடா வருடம் எழும்பூர் காப்பகத்தில் சில வாரம் தங்கிப் படிக்க, வண்டிச் சத்தமும் தங்கும் செலவும் கொடுங்கள். சென்னைக்குப் போய்த் தங்கக் காசில்லாததாலேயே மூலத்தைப் பார்க்காமல் அடுத்தவர் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிற பிள்ளைகள் நிறையப் பேர். வகுப்பில் 'எந்தப் பக்கம்' என்று கேட்ட ஆசிரியர் பெயரில் இதைவிடப் பொருத்தமாக வேறென்ன செய்ய முடியும்?

இந்த ஞாயிறே அம்மாவைப் பாருங்கள். டிரங்குப் பெட்டியைத் திறக்க அவர் சம்மதித்தால், கேசட் உறைகளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எவற்றை முதலில் மாற்ற வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தருகிறேன். கம்பெனிப் பெயரும் எத்தனை நிமிட டேப் என்பதும் படத்தில் தெரிய வேண்டும். 90 நிமிடத்துக்கு மேற்பட்டவற்றில் டேப் மெலிசாக இருக்கும், அவற்றை நான் சொல்லும் வரை எந்த டெக்கிலும் போடாதீர்கள்.